வேகமுள் மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'வேகமானியில் கண் இருந்தால் போதும், விமானம் விழாது' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டீர்களே, அது தப்பு.

நான் விமானி இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த்காரன். என் அத்தான் கராஜில் ஆர்வி-7 என்ற கிட் விமானத்தை (பாகங்களாக வாங்கி வீட்டில் பொருத்துவது) கட்டிய ஆறு வருஷமும், அவர் ரிவெட் அடிக்க அடிக்க, தகட்டின் மறுபக்கம் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பட்டம் விட்டவர்களுக்கு இது உடனே புரியும். சூத்திரக் கயிறு சரியாக அமையாமல் பட்டம் அளவுக்கு மேல் நிமிர்ந்தால், காற்று எவ்வளவு அடித்தாலும் அது தலைகுப்புறத்தான் வரும். இறக்கையும் அப்படித்தான், எதிர்க்காற்றோடு அது வைத்திருக்கும் சாய்வு சுமார் 15, 16 டிகிரியைத் தாண்டினால் மேலே ஓடும் காற்று பிய்ந்துவிடும், தூக்கும் சக்தி போய்விடும். அதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். எந்த வேகத்திலும் வரும். நேராகப் பறக்கும்போது 50 நாட் (மணிக்கு 50 கடல்மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகிற விமானம், ஒரு பக்கமாக 45 டிகிரி சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பினால் 60-லேயே ஆகிவிடும், 60 டிகிரி சாய்ந்தால் 71-ல். ஓடுபாதைக்கு நேராக வரவேண்டிய கடைசித் திருப்பத்தில் காற்று தள்ளிவிட, 'ஐயோ தாண்டிவிட்டோமே' என்று இன்னும் கொஞ்சம் சாய்த்து, கட்டுப்பாட்டுக் கோலை இன்னும் கொஞ்சம் இழுக்கிறார் விமானி; முள் சமர்த்தாக 70 காட்டிக்கொண்டிருக்கும், இறக்கை அதற்குள் கைவிட்டிருக்கும். அந்த இடத்தில் கீழே ஐந்நூறு அடிகூட இருக்காது, சுழல ஆரம்பித்தால் மீட்க இடமில்லை.

தாக்குகோணம் காட்டும் கருவி அந்தச் சாய்வையே அளக்கிறது. அத்தானுடையதில் இறக்கைக்கு அடியில் ஒரு சின்னக் குழல், முன்னால் ஒரு துளை, சரிவில் ஒரு துளை, இரண்டிலும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடும். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் இருந்தாலும் அதைவிட முக்கியம் காதில் கேட்கும் சத்தம், பீப்... பீப்... என்று ஆரம்பித்து, எல்லை நெருங்க நெருங்க வேகமெடுத்து, கடைசியில் விடாமல் அலறும். கண் வெளியே ஓடுபாதையில் இருக்கலாம். எடை கூடினாலும், பக்கவாட்டில் எவ்வளவு சாய்ந்தாலும் அதற்குக் கவலையில்லை.

தொழிற்சாலையிலேயே செய்து வரும் சிறு விமானமான செஸ்னா 172-ல் இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு துளை வைத்து, ஸ்டால் வருமுன் பீப்பி மாதிரி ஊத வைத்திருக்கிறார்கள். வீட்டில் கட்டும் விமானம் பலவற்றில் அதுகூடக் கிடையாது. ஒரே கிட்டை இரண்டு பேர் கட்டினால் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றாகவும் இருக்காது, அதனால் கையேட்டில் போட்டிருக்கும் ஸ்டால் வேகம் உங்கள் விமானத்தின் வேகம் என்று நம்ப முடியாது. அமெரிக்காவின் விபத்து விசாரணை வாரியம் 2012-ல் இந்த வகை விமானங்களை ஆராய்ந்தபோது, எஞ்சின் கோளாறோடு சேர்த்து முன்னால் வந்து நின்றது பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதுதான்.

நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே கடல் மட்டத்தில் டர்பனின் வர்ஜீனியா விமான நிலைய ஓடுபாதையில் பழகியவர், ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஜெர்மிஸ்டனில் இருக்கும் ராண்ட் விமான நிலையத்துக்குப் போனால், அது சுமார் 5,500 அடி உயரம், காற்று மெலிந்திருக்கும், முள் அதே 70 காட்டும்போது தரை விறுவிறுவென்று ஓடுவதுபோல் தெரியும். வேகம் அதிகம் போலிருக்கிறதே என்று மூக்கைத் தூக்கத் தோன்றும். கருவி அதற்கெல்லாம் ஏமாறாது.

உடனே யாராவது போயிங் 737 மேக்ஸ் ஞாபகம் வந்து கேட்பார்கள். 2018-லும் 2019-லும் விழுந்த அந்த இரண்டு விமானங்களில் தப்பாகக் காட்டிய ஒரே ஒரு கோண சென்சாரை நம்பிக் கம்ப்யூட்டர் தானாகவே மூக்கை அழுத்தியது. அத்தானுடையது எதையும் அழுத்தாது, கத்தும், அவ்வளவுதான்.

ஆனால் பொய் சொல்லாது என்று சொல்ல மாட்டேன். போன வருஷம் 4,000 அடியில் பயிற்சியாளரோடு ஸ்டால் பழகியபோது, விமானம் நடுங்கி மூக்கும் சரிந்துவிட்டது, பீப் வரவே இல்லை. இறங்கிப் பார்த்தால் சரிவுத் துளையில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. "மாப்ள, இத்தனூண்டு பூச்சி!" என்று அத்தான் தீக்குச்சி முனையளவு மண்ணை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அப்புறம் சுத்தம் செய்து, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) இறக்கியும் ஏற்றியும் மறுபடி ஸ்டால் செய்து பார்த்து, கருவியைத் திரும்ப அளவுபடுத்தினார். பெரிய திரைக்கும் தோல் சீட்டுக்கும் கணக்குப் பார்க்காதவர்கள் இதை வாங்கவும், வாங்கிய பிறகு இப்படி ஒரு நாள் செலவழித்து அளவுபடுத்தவும் ஏன்தான் யோசிக்கிறார்களோ.

இப்போது விமானத்தை நிறுத்தியதும் அந்தக் குழலுக்கு ஒரு சிவப்பு உறை ஏறிவிடும், அக்கா பழைய புடவையில் தைத்துக் கொடுத்தது. சரிகைக் கரையோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்