புகார்: ஹாட்ஸ்பாட் 110 டிகிரியைத் தொடும் கிராபிக்ஸ் கார்டை ‘கோளாறு இல்லை’ என்று திருப்பி அனுப்பியது தொடர்பாக

மஞ்சக்குப்பம், கடலூர்
ஜூன் 2025

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாரண்டிப் பிரிவு, சென்னை.

ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனத்தின் ரேடியான் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி கார்டை 2023இல் மூன்று வருட வாரண்டியோடு வாங்கினேன். கேம் ஆடும்போது அளவுக்கு மீறிச் சூடாகி வேகம் குறைகிறது என்று வாரண்டியில் கொடுத்தேன். ‘சோதிக்கப்பட்டது. வெப்பநிலை 64 டிகிரி. கோளாறு இல்லை. அறை வெப்பத்தைக் குறைக்கவும்’ என்று ஒரு சீட்டை வைத்து அதே கார்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். பிரித்துப் பார்த்த அடையாளமே இல்லை. ஸ்க்ரூ மேல் ஒட்டியிருந்த வாரண்டி ஸ்டிக்கர் அப்படியே புத்தம் புதிதாக இருக்கிறது.

சரி, அந்த 64 எதனுடைய வெப்பநிலை?

இந்தக் கார்டு காட்டுவது ஒரே எண் அல்ல. சிப்பின் ஓரத்தில் உள்ள சென்சார் சொல்வது ஒன்று. சிப் முழுக்கப் பரவிக் கிடக்கும் சென்சார்களில் அந்த நொடியில் எது அதிகமோ அது இன்னொன்று. அதைத்தான் ஹாட்ஸ்பாட் என்றும் ஜங்ஷன் என்றும் சொல்கிறார்கள். வெப்பத்துக்காக வேகத்தைக் குறைக்கும்போது கார்டு பார்ப்பது இந்த இரண்டாவது எண்ணை. சீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தோசைக்கல்லின் ஓரத்தைத் தொட்டுவிட்டுக் கல் இன்னும் காயவில்லை என்று சொல்வது போல இருக்கிறது உங்கள் சோதனை.

கார்டு புதிதாக இருந்தபோது எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பதிவு செய்த லாக் (வெப்பநிலைப் பதிவு) என்னிடம் இருக்கிறது. அதே கேம், அதே செட்டிங்கில் அன்று ஓரம் 66, ஹாட்ஸ்பாட் 80. நடுவில் 14 டிகிரி. 230 வாட் இழுக்கிற கார்டுக்கு இது ஒன்றும் பெரிய வித்தியாசமில்லை. இந்த மே மாதம் ஓரம் 76, ஹாட்ஸ்பாட் 108. அங்கிருந்து 109, 110. அந்த இடத்தில் 2,450 மெகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்த கிளாக், அதாவது சிப்பின் வேகம், 1,900க்கு விழுகிறது, கொஞ்சம் ஆறியதும் ஏறுகிறது, மறுபடி விழுகிறது. கேமில் இது திக்கித் திக்கி நகரும் படமாகத் தெரியும். லாக்கில் அந்த வரிகளுக்கு மஞ்சள் பூசி இணைத்திருக்கிறேன். ஓரத்தின் எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு அப்போதும் 76தான் தெரியும். அவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்.

ஹாட்ஸ்பாட் 110 வரை போகலாம் என்று சிப்பை உருவாக்கிய ஏஎம்டியே சொல்லியிருக்கிறது என உங்கள் மின்னஞ்சலில் எழுதியிருக்கிறீர்கள். சொல்லியிருக்கிறது, மறுக்கவில்லை. அது சிப்புக்கான உச்சவரம்பு. ஓரம் வெறும் 76இல் இருக்கும்போதே உச்சவரம்பில் முட்டிக்கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் கார்டை நல்ல கார்டு என்று ஏஎம்டி எங்கும் சொல்லவில்லை.

அடுத்து அறை வெப்பம். கத்திரி வெயிலில் கடலூர் எப்படி இருக்கும் என்று சென்னையிலிருந்து யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். மே மாதம் என் அறையில் 36 டிகிரி இருந்தது உண்மைதான். ஆனால் அறை சூடானால் ஓரமும் ஹாட்ஸ்பாட்டும் சேர்ந்தேதான் ஏறும், இடைவெளி பெரிதாக மாறாது. ஜனவரி மாத இரவில், அறை 25 டிகிரியில் இருந்தபோது எடுத்த லாக்கைப் பாருங்கள்: ஓரம் 65, ஹாட்ஸ்பாட் 97. வித்தியாசம் 32. மே மாதத்திலும் 32. பிசி கேஸின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்தும் பார்த்தேன். இரண்டு எண்ணும் 5 டிகிரி இறங்கின, இடைவெளி அசையவில்லை. ஏசி போட்டாலும் இதேதான் நடக்கும். கரண்ட் பில் மட்டும் ஏறும்.

14 ஆக இருந்த இடைவெளி 32 ஆனதற்குக் காரணம் அறையிலும் இல்லை, கேஸ் ஃபேனிலும் இல்லை. சிப்புக்கும் அதன் சூட்டை வெளியே கடத்தும் உலோகமான ஹீட்சிங்குக்கும் நடுவில் இருக்கிறது. சூடாகிச் சூடாகி ஆறும்போது சூட்டைக் கடத்த நடுவில் பூசிய தெர்மல் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு ஒதுங்கிவிடும். அல்லது ஹீட்சிங்கின் அழுத்தம் ஒரு பக்கம் தளர்ந்திருக்கும். எதுவானாலும் பிரித்துப் பார்க்காமல் தெரியாது. ஏஎம்டியின் சொந்த 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகள் சிலவற்றில் ஹாட்ஸ்பாட் மட்டும் தனியாக 110க்குப் பாய்ந்தபோது, 2023 ஜனவரியில் கூலரில் குறை இருப்பதை அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தது. அங்கே காரணம் வேறு; கூலருக்குள் சூட்டைப் பரப்பும் வேப்பர் சேம்பரில் திரவம் போதவில்லை. ஆனால் குறையைக் காட்டிக்கொடுத்தது இதே இடைவெளிதான்.

உங்கள் சாட் பிரிவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டில் மதர்போர்டு பகுதியில் ‘ஏயூஎக்ஸ்டின் 3’ என்ற வரியில் 115 டிகிரி இருப்பதை வட்டம் போட்டு, மதர்போர்டு சூடாவதால்தான் கார்டும் சூடாகிறது என்று ஒருவர் பதில் அனுப்பினார். அந்த முனையில் சென்சாரே இணைக்கப்படவில்லை. கண்காணிப்புச் சிப்பில் சும்மா விடப்பட்ட முனைகள் இப்படி ஏதாவது ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். இரவு முழுக்க அணைத்து வைத்துவிட்டு காலையில் ஆன் செய்தவுடன் பார்த்தாலும் அதே 115! தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில். நிஜமாகவே அந்தச் சூடு இருந்தால் காலையில் பிசியின் மேல் டீ போட்டுவிடலாம்.

புதுச்சேரியில் உள்ள உங்கள் கலெக்‌ஷன் சென்டரிலோ இன்னும் எளிது. “ஆன் ஆகுதுல்ல சார், அப்புறம் என்ன?” என்றார் கவுண்டரில் இருந்தவர். பிறகு, நானே அசெம்பிள் செய்த பிசி என்று தெரிந்ததும், “வீட்ல மாட்டுனா இப்படித்தான்” என்று சொல்லி முடித்துவிட்டார். பிசியை நான் மாட்டினேன். கார்டின் ஹீட்சிங்கை மாட்டியது உங்கள் தொழிற்சாலை.

பேஸ்ட் மாற்றுவது எனக்குத் தெரியாத வேலையும் இல்லை, பெரிய செலவும் இல்லை. ஆனால் ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போய்விடும் என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். நீங்களும் பிரிக்க மாட்டீர்கள், என்னையும் பிரிக்க விட மாட்டீர்கள் என்றால் இந்த வாரண்டி எதற்கு?

கார்டைத் திரும்பப் பெற்று, பிரித்து, பேஸ்ட்டையும் சூட்டைக் கடத்தும் பேடுகளையும் மாற்றி, ஹீட்சிங் சமமாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மூடிய கேஸுக்குள் அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓடவிட்டு, ஓரம், ஹாட்ஸ்பாட் இரண்டும் இருக்கும் லாக்கை என்னிடம் தர வேண்டும். அப்படியும் இடைவெளி குறையாவிட்டால் கார்டை மாற்றித் தர வேண்டும். போக வர கூரியர் செலவு உங்களுடையது. இதெல்லாம் முடியாதென்றால், வாரண்டி பாதிக்காமல் நானே பேஸ்ட் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுங்கள், அதுவும் எனக்குச் சம்மதம்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. மூன்று லாக்குகளும் சீட்டின் நகலும் அங்கே தாக்கல் செய்யத் தயாராக இருக்கின்றன.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில் அழைத்து ஃபேன் வேகத்தைக் கூட்டிப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டாம். அது ஏற்கெனவே முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், சர்வீஸ் சீட்டு நகல், புதிதாக இருந்தபோதும் ஜனவரியிலும் மே மாதத்திலும் எடுத்த லாக்குகள், சாட் ஸ்க்ரீன்ஷாட்.