வினாத்தாளை வெளியிட என்ன தயக்கம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்புவோர் இங்கே மருத்துவராகப் பதிவுபெற எழுதும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வின் முடிவு வரும்போதெல்லாம், "இவர்களை நம்பியா நோயாளிகளை ஒப்படைப்பது" என்று ஒரு சாராரும், "வேண்டுமென்றே வடிகட்டுகிறார்கள்" என்று மறு சாராரும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. 2025 ஜூன் பருவத்துக்கான (ஜூலையில் நடந்த) தேர்வை எழுதிய ஏறத்தாழ 36,000 பேரில் சுமார் 6,700 பேர்தான் தேறினார்கள். அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். இப்படித் தேறி வந்த பலரை என் வார்டில் ஹவுஸ் சர்ஜன்களாகப் பார்த்திருக்கிறேன். இரு தரப்பாரும் அதிகம் பேசாத ஒன்றைப் பற்றியே இக்கடிதம்.

இந்தத் தேர்வு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 300 வினாக்களில் 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் பிடித்தம் கிடையாது. ஆண்டுக்கு இரு முறை நடப்பதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். இதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சமூக மருத்துவத்திற்கு மட்டும் 30 வினாக்கள் உண்டு. நம் தடுப்பூசி அட்டவணையையும் காசநோய் ஒழிப்புத் திட்டத்தையும் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கிலோ ஜார்ஜியாவின் திபிலிசியிலோ யாரும் சொல்லித்தரப் போவதில்லை. ஆனால் இங்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரப்போகிறவர் அவற்றை அறியாமல் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது.

என் குறையெல்லாம் தேர்வைச் சுற்றியுள்ள மூடுமந்திரத்தைப் பற்றியது. 2002இல் தொடங்கிய இத்தேர்வின் வினாத்தாளை, அதை நடத்தும் தேசியத் தேர்வு வாரியம் வெளியிடுவதில்லை. வினாக்களை வெளியே சொல்லமாட்டேன் என்று தேர்வர்களிடம் உறுதிமொழியும் வாங்கிக்கொள்கிறது. மறுமதிப்பீடு கிடையாது, மறுகூட்டலும் கிடையாது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எழுதும் நீட் தேர்வுக்கு உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கச் சொல்கிறார்கள். ஐந்தாறு ஆண்டுகள் மருத்துவம் படித்து வந்தவருக்கு அந்த மரியாதைகூட இல்லை.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர் நான்காவது முயற்சியில் தேறியவர். மூன்றாவது முறை அவர் எடுத்தது 147. "எந்தக் கேள்வியில் கோட்டை விட்டேன் என்று தெரிந்தால் அதையாவது உட்கார்ந்து படித்திருப்பேன் சார்" என்றார். அவர் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். தேர்வறையிலிருந்து வெளியே வருபவர்கள் நினைவிலிருந்து ஒப்பிக்கும் 'ரீகால்' வினாக்களைப் பயிற்சி மையங்கள் தொகுத்துத் தர, அவற்றைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து வைத்திருந்தார். சில வினாக்களுக்கு நேரே நீல மையில் ஒரு விடையும் சிவப்பு மையில் வேறொரு விடையும் இருந்தன. இரண்டு மையங்கள் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தனவாம். வினாத்தாளை வெளியிட்டால் வினா வங்கி வற்றிவிடும் என்று காரணம் சொல்லப்படுகிறது. பயிற்சி மையங்கள் கட்டணம் வசூலிக்க, அந்த வங்கி ஏற்கெனவே கசிந்துகொண்டுதான் இருக்கிறது. சரியான விடைதான் யார் கைக்கும் கிடைப்பதில்லை.

அதே இளைஞர் மருந்துகளின் அளவுகளை மில்லிகிராம் பிசகாமல் சொல்லுவார். ஆனால் வார்டில் முதல் நாள், மருந்து ஏற்ற இரத்தக் குழாயில் செருகும் வென்ஃப்ளான் ஊசியைப் போடும்போது அவர் கை நடுங்கியது. அவர் படித்த வெளிநாட்டுக் கல்லூரியில் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. நோயாளிகளோ ரஷ்ய மொழி பேசினார்கள். கட்டிலருகே நின்று குறிப்பெடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். கணினித் திரையில் விடையைத் தெரிவு செய்யும் தேர்வு இதைக் கண்டுபிடிக்காது. இங்குள்ள ஓராண்டுப் பயிற்சிதான் அவரைச் சரிசெய்தது. மூன்றாம் மாதம் லேபர் வார்டில் என்னைக் கூப்பிடாமலே சமாளித்தார். எல்லா எம்.பி.பி.எஸ். பட்டதாரிகளுக்கும் பொதுவான, செய்முறையும் அடங்கிய 'நெக்ஸ்ட்' தேர்வுக்கு 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே இடமிருந்தும் அது ஒத்திவைக்கப்பட்டுக்கொண்டே வருகிறது.

'நெக்ஸ்ட்' வரும்போது வரட்டும். அடுத்த எஃப்.எம்.ஜி.இ. தேர்விலிருந்தாவது வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் ஒவ்வொருவரும் குறித்த விடைகளையும் முடிவுடன் சேர்த்து வெளியிடத் தேர்வு வாரியத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் அறிவுறுத்த வேண்டும். கணினிவழித் தேர்வு என்பதால் விடைகள் அனைத்தும் வாரியத்தின் கைவசமே இருக்கின்றன. இதற்குப் புதிதாக ஒரு ரூபாய் செலவிடவும் தேவையிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவர்,
திருச்சி.