சதவீதத்தை மட்டும் பார்த்து ஸ்டென்டுக்கு அனுமதி தராதீர்கள்: காப்பீட்டு அனுமதிக் குழு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். அரசுத் திட்டமோ தனியார் பாலிசியோ, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று மருத்துவமனைகள் அனுப்பும் விண்ணப்பங்களைப் பார்த்து அனுமதி எழுதும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். நோயாளி உங்களைப் பார்த்ததில்லை. நீங்களும் அவரைப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் அவர் நெஞ்சுக்குள் ஓர் உலோக வலைக்குழாய் ஆயுள் முழுக்க இருக்கப்போகிறதா என்பதில் உங்கள் கையெழுத்துக்குப் பங்கு இருக்கிறது. மருத்துவமனைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாரடைப்போடு வராத ஒரு நோயாளிக்கு, நடுத்தரமான அடைப்புக்கு ஸ்டென்ட் கேட்டு விண்ணப்பம் வந்தால், அடைப்பு எத்தனை சதவீதம் என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த அடைப்பைத் தாண்டி ரத்தம் போதுமான அளவு போகிறதா என்று அளந்தார்களா, அளந்த எண் என்ன என்று கேளுங்கள்.

என் தாய்மாமன் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் சுமைதூக்கும் தொழிலாளி. அடிவயிற்றில் குடலிறக்கம். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, பிதுங்கி நிற்கும் வீக்கத்தைக் கையால் உள்ளே அமுக்கிவிட்டு, அடுத்த மூட்டைக்குப் போவார். வீட்டில் எல்லோரும் வற்புறுத்தி அறுவை சிகிச்சைக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். முன்பரிசோதனையில் ஈசிஜி சரியில்லை என்றார்கள். எக்கோ எடுத்தார்கள். அடுத்து ஆஞ்சியோ. நெஞ்சுவலி உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றார். மூச்சிரைப்பும் இல்லை. நாள் முழுக்க மூட்டை சுமக்கிற மனிதருக்கு டிரெட்மில் சோதனைகூடச் செய்து பார்க்கவில்லை.

அவர் ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் மேஜையில் படுத்திருக்கும்போதே ஒருவர் வெளியே வந்தார். "மெயின் குழாயில அறுபது, எழுபது சதவீதம் பிளாக் இருக்குங்க. இப்பவே வெச்சிடலாம். இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்தாச்சு. கையெழுத்துப் போடுங்க" என்றார். 'அறுபது, எழுபது' என்று கேட்ட பிறகு அந்த நடைபாதையில் யாருக்கு யோசிக்கத் தெம்பு இருக்கும்? அத்தை கையெழுத்துப் போட்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் போட்டிருப்பார்கள்.

ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள் தொடங்கினார்கள். அதன்பின் அறுவை மருத்துவர் வந்து, இந்த மாத்திரைகளை நிறுத்தாமல் குடலிறக்கத்தில் கை வைக்க முடியாது, ஸ்டென்ட் வைத்த புதிதில் நிறுத்தவும் கூடாது, குறைந்தது ஆறு மாதம் போகட்டும் என்றார். அவர் சொன்னது சரிதான். அவசரமில்லாத அறுவையை அப்படித் தள்ளிப்போட வேண்டும் என்பதுதான் மருத்துவ நியதி. மாமா கேட்ட கேள்விக்குத்தான் அங்கே யாரிடமும் பதில் இல்லை. "ஏனுங் டாக்டர், நான் கொடலெறக்கத்துக்குத்தானுங்க வந்தேன்?"

குடலிறக்கம் அப்படியே இருக்கிறது. மூட்டை தூக்கக் கூடாது. மண்டியில் மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. தூக்காத ஆளுக்கு அங்கே என்ன கிடைக்கும்? அத்தை மஞ்சள் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறார். பல் துலக்கினால் ஈறில் ரத்தம், எங்காவது லேசாக இடித்தால் தோலில் நீலத் திட்டு. "நம்ம நெஞ்சுல பிளாக் இருக்கு" என்ற பயம் வேறு அவரை ஆளே மாற்றிவிட்டது. நோயாளி என்று தன்னை நினைக்காமல் உள்ளே போன மனிதர், வேறு எதையுமே நினைக்க முடியாதவராக வெளியே வந்தார்.

அந்த ஸ்டென்ட் தேவையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தேவைப்பட்டிருக்கலாம். அது தெரிவதற்கான அளவீட்டை யாரும் செய்யவில்லை, செய்தீர்களா என்று அனுமதி கொடுத்தவர்களும் கேட்கவில்லை என்பதே என் வருத்தம். வருத்தம் என்று மரியாதைக்காக எழுதுகிறேன். கோபம் என்பதே உண்மை.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல, மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஒரு குழாய் ஓரிடத்தில் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து, அதைத் தாண்டி எவ்வளவு திரவம் பாயும் என்று சொல்லிவிட முடியாது என்பது என் மாணவர்களுக்கே தெரியும். குறுகல் எவ்வளவு நீளம், மிச்சமுள்ள விட்டம் எவ்வளவு, அந்தக் குழாயை நம்பி எவ்வளவு தசை இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் ஓட்டத்தைத் தீர்மானிக்கும். வாய்க்கால் ஓரிடத்தில் குறுகிப்போயிருந்தாலும், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்கிறதா என்றுதான் விவசாயி பார்ப்பார். ஆஞ்சியோ படத்தில் தெரிவது வாய்க்காலின் கரை மட்டும்.

இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நெதர்லாந்தின் நிகோ பெய்ல்ஸ், பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி புரூய்ன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் 1990-களிலேயே இதற்கு ஓர் எண்ணைக் கண்டு தந்தார்கள். அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தத்தை மகாதமனியின் அழுத்தத்தால் வகுத்தால் வரும் எஃப்எஃப்ஆர். 0.80-க்கு மேல் இருந்தால் பொதுவாக மருந்து போதும்; 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஸ்டென்டைப் பற்றி யோசிக்கலாம். 2009-ல் வெளியான ஃபேம் ஆய்வில் 1,005 பேர். படத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்த பிரிவில் ஆளுக்குச் சராசரி 2.7 ஸ்டென்ட், ஓட்டத்தை அளந்த பிரிவில் 1.9. ஓராண்டுக்குள் இறப்பு, மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் முதல் பிரிவில் 18.3 சதவீதம், இரண்டாம் பிரிவில் 13.2. குறைவாக வைத்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள்.

அதே ஆய்வின் இன்னொரு கணக்கைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணுக்கு 50 முதல் 70 சதவீதம் என்று தெரிந்த அடைப்புகளை அளந்து பார்த்தபோது, உண்மையில் ஓட்டத்தைத் தடுத்தவை 35 சதவீதம் மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கு அடைப்புகளைத் தாண்டி ரத்தம் போதிய அளவு போய்க்கொண்டிருந்தது. 71 முதல் 90 வரை என்று தெரிந்தவற்றிலும் ஐந்தில் ஒன்று அப்படித்தான். 'அறுபது, எழுபது' என்று எங்கள் அத்தையிடம் சொன்னார்களே, அந்த இடம் இதுதான்.

அளவு சரியாக இருந்தால் ஸ்டென்டைத் தள்ளிவைப்பது ஆபத்தா? டிஃபர் ஆய்வு அப்படிப்பட்டவர்களை 15 ஆண்டு தொடர்ந்து பார்த்தது. இறப்பில் வேறுபாடு இல்லை. தள்ளிவைத்தவர்களில் 2.2 சதவீதம் பேருக்கு மாரடைப்பு வந்தது, சிகிச்சை செய்துகொண்டவர்களில் 10 சதவீதம் பேருக்கு. அந்தக் காலத்துக் கருவிகள் பழையவை, ஒப்புக்கொள்கிறேன். தேவையில்லாத இடத்தில் வைப்பதால் பாதுகாப்பு கூடிவிடாது என்பது மட்டும் அதில் தெளிவு.

இத்தனைக்கும் பிறகு ஏன் அளப்பதில்லை என்று கேட்டால், இந்த எண்ணை அளக்கக் குழாய்க்குள் விடும் அழுத்தக் கம்பி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது, விலை கூடுதல், அளக்கும்போது ரத்த ஓட்டத்தைக் கூட்டத் தரும் அடினோசின் மருந்தைக் கொடுத்தால் நோயாளி நெஞ்சு அழுத்துகிறது என்பார், நேரமும் பிடிக்கும் என்கிறார்கள். இந்தக் காரணங்களைக் கடக்கத்தான் படத்திலிருந்தே ஓட்டத்தைக் கணக்கிடும் முறைகள் வந்திருக்கின்றன. கியூஎஃப்ஆர் என்பது அதில் ஒன்று. ஏற்கெனவே எடுத்த ஆஞ்சியோவில், குறைந்தது 25 பாகை வித்தியாசமுள்ள இரண்டு கோணங்கள் போதும். மென்பொருள் குழாயை முப்பரிமாணத்தில் கட்டி எழுப்பி, சாயம் ஒவ்வொரு பிரேமிலும் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிட்டு, அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று சொல்லிவிடுகிறது. கம்பியும் வேண்டாம், அடினோசினும் வேண்டாம், ஐந்து நிமிட வேலை. குழாய்க்குள் போவதற்கு முன்பே சிடி ஸ்கேனிலிருந்து கணக்கிடும் முறையும் இருக்கிறது. எந்தச் சிகிச்சையை ஏற்கலாம் என்று அரசு மருத்துவச் சேவைக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-லேயே அதைப் பரிந்துரைத்துவிட்டது.

சீனாவில் 26 மருத்துவமனைகளில் 3,800-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஃபேவர் 3 ஆய்வு 2021-ல் வெளிவந்தது. கியூஎஃப்ஆர் பார்த்து முடிவெடுத்தவர்களில் ஓராண்டில் 5.8 சதவீதம் பேருக்குப் பெரிய பாதிப்பு, கண்ணால் மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்களில் 8.8. நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024-ல் ஐரோப்பாவில் 2,000 பேரிடம் இதே முறையை அழுத்தக் கம்பியோடு ஒப்பிட்டபோது கம்பிதான் ஜெயித்தது: ஓராண்டில் பெரிய பாதிப்பு கம்பிப் பிரிவில் 4.2 சதவீதம் பேருக்கு, கியூஎஃப்ஆர் பிரிவில் 6.7 சதவீதம் பேருக்கு. குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரியும் படங்களில் கணக்கு பிசகும். ஆகவே கம்பி இருக்கும் இடத்தில் கம்பியே போடட்டும். இல்லாத இடத்தில் படத்திலிருந்தாவது அளக்கட்டும். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டி நடுத்தர அடைப்புகளுக்கு இரண்டையுமே ஏற்கிறது. வெறும் கண்ணளவை மட்டும் இனியும் ஏற்க நியாயம் இல்லை.

இன்னொன்று, இது நேரடியாக உங்கள் மேஜைக்கே வருகிறது. இந்தக் கணக்கைச் சேமித்து வைத்த பதிவிலிருந்து பிறகும் போடலாம். இரண்டொரு அசையாப் படங்களை மட்டும் வாங்காமல் முழு ஆஞ்சியோ வீடியோவையும் வாங்கினால், எந்த மருத்துவமனையில் அளவு 0.90 இருக்கும்போதும் ஸ்டென்ட் வைக்கிறார்கள் என்று நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். இதைவிட எளிய தணிக்கை இருக்கிறதா?

2017 பிப்ரவரியில் ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வந்தபோது நாடே நிம்மதி அடைந்தது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். விலையைப் பேசினோம், தேவையைப் பேசவில்லை. 2024 நவம்பரில் குஜராத்தின் போரிசணா கிராமத்தில் இலவச முகாம் நடத்தி, 19 பேரை அகமதாபாத்துக்குப் பஸ்ஸில் அழைத்துப்போய் ஆஞ்சியோ செய்தார்கள். ஏழு பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். பணம் அரசுக் காப்பீட்டில் இருந்து. ஏழைக்கு இலவசம் என்று வரும் சிகிச்சையில் கேள்வி கேட்கும் உரிமையும் அவனிடமிருந்து போய்விடுகிறது, பணம் கொடுப்பது அவன் இல்லையே என்ற நினைப்பில். பணம் கொடுப்பவர்கள் சார்பில் கேட்க வேண்டியவர்கள் நீங்கள். நீங்களும் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

நல்ல மருத்துவர்களைப் புண்படுத்த இதை எழுதவில்லை. மாரடைப்பு வந்து துடிப்பவருக்கு அடைத்த குழாயைத் திறக்க ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அங்கே ஸ்டென்ட் உயிர் காக்கிறது, இந்த அளவீட்டையெல்லாம் அங்கே கேட்கவும் கூடாது. மருந்தும் தாங்காமல் நெஞ்சுவலியோடு வாழ்பவருக்கும் அது பெரிய நிவாரணம். நான் பேசுவது அவசரமில்லாத, நடுத்தரமான அடைப்புகளைப் பற்றி மட்டும்.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன். சதவீதத்தை மட்டும் பார்த்து அனுமதி தராதீர்கள். விண்ணப்பப் படிவத்தில் எஃப்எஃப்ஆர் அல்லது கியூஎஃப்ஆர் எண்ணுக்கு ஒரு கட்டம் வையுங்கள். அது காலியாக இருந்தால் காரணம் எழுதச் சொல்லுங்கள். அளப்பதற்கான செலவையும் காப்பீட்டிலேயே தாருங்கள். அளந்த பிறகு 'ஸ்டென்ட் வேண்டாம்' என்று சொல்லும் மருத்துவமனைக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒருவரும் அளக்கமாட்டார்கள். அந்த எண்ணை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுத வேண்டும், ஆஞ்சியோ வீடியோவைக் கேட்காமலேயே நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக்குங்கள்.

இவற்றில் எதை எப்போது செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, ஏன் என்று வெளிப்படையாக ஒரு பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரின் அக்கா மகள்,
ஈரோடு