ஃபிரிட்ஜுக்குள் இருப்பதும் எரிவாயுதான்

ஆசிரியருக்கு, வணக்கம்.

கோடைச் சிறப்புப் பக்கத்தில் வந்த ஏசி, ஃபிரிட்ஜ் பராமரிப்புக் கட்டுரை பல வகையில் பயனுள்ளது. ஆனால், ‘ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் நிரப்பிக்கொள்ளுங்கள்’ என்ற வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். குளிரூட்டும் கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகிற பொருள் அன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் மேலும் மேலும் நிரப்புவது முன்பெல்லாம் வீட்டுக்காரருக்குப் பணக் கேடு மட்டும்தான். இப்போது அப்படிச் சொல்லிவிட முடியாது.

பழைய ஆர்-12, ஆர்-22 கேஸ்கள் எளிதில் தீப்பிடிக்காதவை. ஓசோன் படலத்தைக் கெடுத்ததால் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அவை படிப்படியாக விலக்கப்பட்டன. இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன் இருக்கிறது. சில ஏசிகளில் ஆர்-290 என்னும் புரொப்பேன். பல ஏசிகளில் ஆர்-32. இது மெதுவாகத்தான் தீப்பற்றும், ஆனால் தீயில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு உண்டாகும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் நம் சமையல் கேஸின் உடன்பிறப்புகள். ஒரே வேறுபாடு, அடுப்பு கேஸில் கசிவு தெரிவதற்காகவே நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். குளிரூட்டும் கேஸில் கலப்பதில்லை. கசிந்தால் மூக்கு சொல்லாது.

‘ஃபிரிட்ஜில் இருப்பதே ஐம்பது, அறுபது கிராம்தானே’ என்று மெக்கானிக்குகளே கேட்பார்கள். பத்துக்குப் பத்து அறை முழுவதும் ஒரே சீராகப் பரவினால் அது தீப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் ஐசோபியூட்டேன் கனமீட்டருக்கு ஏறத்தாழ 43 கிராம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். 300 லிட்டர் ஃபிரிட்ஜின் மூடிய பெட்டிக்குள் அதற்குப் பதின்மூன்று கிராம் போதும். ஃப்ரீசரில் உறைந்த பனியைக் கத்தியாலும் கரண்டிக் காம்பாலும் குத்திப் பெயர்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அதைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்களில் பனி படியும் அந்த ஃப்ரீசர் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடுகிறது. பெட்டிக்குள் தீப்பொறி வரக்கூடாது என்பதற்காகவே ஐசோபியூட்டேன் ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட்டும் சுவிட்சுகளும் தனி வகையாகச் செய்யப்படுகின்றன. கெட்டுப்போனால் மலிவான சாதாரணப் பாகத்தை மாட்டிக் கொடுப்பவர், அந்தப் பாதுகாப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் போகிறார்.

புரொப்பேன் ஏசியின் நிலைமை வேறு. உள்ளே சுமார் 300 கிராம் இருக்கும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் படுத்துக்கொள்ளும். கொசுவர்த்தி எரிவதும் தரையில்தான்.

இந்த கேஸ்களே வேண்டாம் என்பது என் வாதம் அன்று. எடைக்கு எடை பார்த்தால், புவியைச் சூடாக்கும் திறன் ஆர்-22க்குக் கரியமில வாயுவைப் போல 1,800 மடங்குக்கு மேல். புரொப்பேனுக்கு அது மிகச் சொற்பம். 1993 முதல் ஜெர்மனியில் ஐசோபியூட்டேன் ஃபிரிட்ஜ்கள் விற்பனையில் உள்ளன. கேஸ் நல்ல கேஸ்தான். அதைக் கையாளும் கைகள் இன்னும் ஆர்-12 காலத்திலேயே நிற்கின்றன.

தொழிற்பயிற்சி நிலையத்தில் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். கம்ப்ரஸரை மாற்ற வருபவர், கேஸை வெளியேற்றியதும் குழாயைப் பற்றுவைக்கும் நெருப்பு டார்ச்சைப் பற்றவைப்பது பழைய பழக்கம். குழாய் காலியானாலும் கம்ப்ரஸர் எண்ணெயில் கரைந்த கேஸ் மிச்சமிருக்கும். திறந்த வெளியில் கேஸை எடுத்து, வேக்குவம் பம்ப் ஓட்டி, நைட்ரஜன் செலுத்திக் கழுவி, பைப் கட்டரால் வெட்டிய பிறகுதான் நெருப்பு அருகில் வரலாம். கசிவுச் சோதனையும் நைட்ரஜனில்தான். எண்ணெய் உள்ள கம்ப்ரஸருக்குள் ஆக்சிஜனைச் செலுத்தினால் அதுவே வெடிக்கும். நிரப்பும்போது அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளை நம்பாமல் எடை பார்க்க வேண்டும். ஆர்-22க்காகச் செய்த பழைய ஏசியில் விலை குறைவு என்று ஆர்-290 ஏற்றவே கூடாது. அதன் மின்பாகங்கள் எரியும் வாயுவை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததே எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2008 ஏப்ரல் 5 அன்று நியூசிலாந்தின் ஹாமில்டன் அருகே தமஹெரேயில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அலாரம் ஒலித்து, தீயணைப்பு வீரர்கள் போனார்கள். அங்கிருந்த குளிரூட்டி புரொப்பேன் சார்ந்தது, வாசனையற்றது. வந்தவர்களுக்கு அது தெரியாது. கசிந்த அந்த வாயு வெடித்ததில் ஒரு வீரர் இறந்தார். ஏழு பேர் காயமடைந்தனர்.

நம் ஃபிரிட்ஜின் பின்புறம் மஞ்சள் முக்கோணத்துக்குள் தீச்சுடர் படம் இருக்கும். அருகில் கேஸின் பெயரும் கிராம் கணக்கும் இருக்கும். அந்தப் படத்தைத் திருத்தத்தோடு அச்சிடுங்கள். பனியைப் பெயர்க்கும்போது ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் ஃபிரிட்ஜ் சுவிட்சைத் தொடக்கூடாது, பிளக்கையும் பிடுங்கக்கூடாது, அங்கேயும் பொறி எழும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து, மெயின் சுவிட்ச் வாசலில் இருந்தால் அங்கே நிறுத்தினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குளிர்சாதனப் பிரிவுப் பயிற்றுநர்,
திண்டுக்கல்