நாலு ஆணி ஓட்டை

அன்புள்ள உமையாள்,

உன் பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே, சந்தோஷம். எனக்கு முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறது, மற்றபடி குறையில்லை. போன புதன்கிழமை, நாம் படித்த கான்வென்ட் நடந்த அந்தச் செட்டியார் வீட்டுக்குள் போய்விட்டு வந்தேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சிஸ்டர்கள் காலி செய்த பிறகு பூட்டியே கிடந்ததே, அத்தனை புள்ளி, அத்தனை பங்குக் குடும்பம் இருக்கிற வீட்டில் யார் கையெழுத்துப் போடுவது, யார் செலவழிப்பது என்று. பங்காளிகள் எப்படியோ ஒத்துப்போய் இப்போது பழுது பார்க்கிறார்கள். "2014-லேயே செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல ஏறியாச்சு ஆச்சி, இனி இடிக்கிறது பாவம்" என்றார் இஞ்சினீயர் தம்பி. இத்தனை நாள் இடித்து நிலைகதவை விற்றவர்களிடம் யாரும் சொல்லவில்லை போல.

முகப்பில் சுவர் வேலை நடக்கிறது. நாம் படிக்கும்போது காரை உதிர்கிறது என்று ஆளுயரத்துக்கு சிமெண்ட் பூசினார்களே, அதுதான் வினையாம். சுண்ணாம்புச் சுவர் ஏறின ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் மூடிக்கொள்ள, ஈரம் போக வழியில்லாமல் உப்புப் பூத்து, உள்ளே இருந்த பழைய காரை மாவாகிவிட்டது. கொத்தனார் சின்ன உளியை வைத்து, காது குடைகிற மாதிரி அதைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துப் புளிக்க வைத்த சுண்ணாம்பைப் பூச்சு மேல் பூச்சாகப் பூசி, கடைசியில் நைசாக அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பூசி, கல்லால் வழுவழுவென்று தேய்க்கிறார்கள். முடிந்த இடத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், சிரிக்காதே. பங்குனி வெயிலில் நாம் ஒட்டிக்கொண்டு நின்ற அதே குளிர்ச்சி.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். வளவுக்குள், அந்த உள்முற்றத்துக்குள் நுழைகிற நிலைக்கு மேலே பலகை அடித்து மாதா படம் மாட்டியிருந்ததே, தினம் காலையில் அதற்கு நேரே நின்று ஜெபம் சொல்வோம், வீட்டில் பாட்டிக்குத் தெரிந்தால் வைவார் என்று நீ உதட்டை மட்டும் அசைப்பாய். அந்தப் பலகையைக் கழற்றினால் பின்னால் கஜலட்சுமி! மற்ற நிலையெல்லாம் புகையும் வார்னிஷும் ஏறிக் கறுத்துக் கிடக்க, இவள் மட்டும் நேற்று செதுக்கினது போல, தாமரை இதழில் சிவப்புச் சாயம்கூட அப்படியே இருக்கிறது. சிஸ்டர்கள் நினைத்திருந்தால் செதுக்கி எறிந்திருக்கலாம். ஆணி நாலும் ஓரத்துக் கொடியில்தான், யானை மேல்கூட ஒன்றும் படவில்லை. அடித்தவர் பார்த்துத்தான் அடித்திருக்கிறார்.

ஆசாரி மரத்தூளைப் பசையில் குழைத்து அந்த ஓட்டைகளை அடைக்கத் தயாராக நின்றார். "அதை மட்டும் விட்டுருங்க தம்பி" என்றேன். "செட்டியார் கட்டுனப்ப ஓட்டை இருந்துச்சா ஆச்சி?" என்கிறார். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்ததோடு செட்டியாருக்கு அங்கே இருந்த கொடுக்கல் வாங்கல் படுத்து, வாடகைக்கு விட்டால் போதும் என்று ஆன வீடு, அப்புறம் எத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகள் அங்கே படித்தோம், அதெல்லாம் கணக்கில் சேராதா? ஆனால் ஓட்டையில் பூச்சி ஏறும் என்றாரே, அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

பங்காளிகளில் மூத்தவர் உன் மாமியார் வழிச் சொந்தம்தானே? சனிக்கிழமைக்குள் அவருக்கு ஒரு போன் போடு. அதுவரை இரண்டாம் கட்டில் வேலை பார்க்கிறேன் என்று ஆசாரி ஒத்துக்கொண்டிருக்கிறார்.

சீதை
காரைக்குடி