லூயிஸ் டெம்பிளுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய லூயிஸ் டெம்பிள் ஐயா,

அமெரிக்காவின் திமிங்கில வேட்டைத் துறைமுகமான நியூ பெட்ஃபோர்டில் வாழ்ந்த பெரியவர்கள் யார் என்று கேட்டால் முதலில் வருவது அடிமை ஒழிப்புக்காகப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் பெயர். வரவேண்டியதுதான். அடிமைத்தனத்திலிருந்து தப்பி 1838-ல் மனைவி அன்னாவோடு வந்தவர், டக்ளஸ் என்ற பெயரையே உங்கள் ஊரில்தான் வைத்துக்கொண்டார். அடுத்து ‘மோபி டிக்’ நாவல் எழுதிய ஹெர்மன் மெல்வில் என்பார்கள். அவர் 1841 ஜனவரியில் அக்குஷ்னெட் கப்பலில் மாலுமியாகக் கிளம்பிப் போனவர். ஊர்க்காரர் என்று சொல்வதே அதிகம். உங்கள் பெயரோ பல நேரம் வருவதே இல்லை. எனக்கு அது ஆறவில்லை.

வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் பிறந்து, 1829 வாக்கில் இங்கே குடிவந்து, படகுத்துறையில் கொல்லுப்பட்டறை போட்ட கறுப்பினத்தவர் நீங்கள். அந்நாளில் திமிங்கில வேட்டைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய தொல்லை, எறிந்த ஈட்டி சதையைக் கிழித்துக்கொண்டு கழன்றுவிடுவது. 1848-ல் நீங்கள் செய்த ஈட்டியின் முனை ஓர் ஆணியில் சுழலும். குத்தும்போது அது தண்டோடு ஒட்டி நேராக நிற்க ஒரு சின்ன மரக்குச்சியைச் செருகினீர்கள். திமிங்கிலம் இழுத்ததும் குச்சி முறியும், முனை குறுக்கே திரும்பிக்கொள்ளும். அப்புறம் அது லேசில் வராது. வடதுருவப் பக்கத்து மக்கள் எலும்பிலும் தந்தத்திலும் இப்படிச் சுழலும் முனைகளை முன்பே செய்துவந்தார்கள். இரும்பில் அடித்துத் துறைமுகம் முழுக்கப் பரவவிட்டது உங்கள் பட்டறை. செத்துப்போன திமிங்கிலங்களை நினைத்தால் மனசு கனக்கிறது. ஆனாலும், முறிய வேண்டிய நேரத்தில் முறியட்டும் என்று ஒரு குச்சியை வைத்த அறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் காப்புரிமை வாங்கவில்லை. மற்ற கொல்லர்களும் அதையே அடித்து விற்றார்கள். 1853-ல் நகராட்சியின் சாக்கடை வேலைக்காரர்கள் விட்டுப்போன பலகை தடுக்கி விழுந்தீர்கள். பிறகு பழையபடி உலை முன் நிற்க முடியவில்லை. வழக்குப் போட்டு 2,000 டாலர் இழப்பீடும் கிடைப்பதாக ஆனது. பணம் கைக்கு வருமுன்பே 1854 மே மாதம் போய்விட்டீர்கள். குடும்பத்துக்கும் அது போய்ச் சேரவில்லை. மிச்சமிருந்ததையும் கடன் கொண்டுபோனது.

1987-ல் பொது நூலகத்தின் முன்னால் உங்களுக்குச் சிலை வைத்தார்கள். நெஞ்சு நிறைந்த காரியம் அது. ஆனால் திமிங்கில எண்ணெய்க் காசில் எழுந்த முதலாளிகளின் மாளிகைகளைப் பார்க்க கவுண்டி தெருவுக்குப் போகிறவர்கள், முதலில் அந்தச் சிலையிடம் வரவேண்டும். அந்த ஊர்ப் பெரியவர்களை இனி யார் எழுதினாலும், மெல்விலுக்கு முன்னால் உங்கள் பெயரை எழுதுங்கள் என்றே கேட்பேன்.

மரியாதையுடன்,
தமிழில் உங்களைப் படித்த ஒருத்தி