நீங்கள் வாசிக்காமல் தாண்டிய பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் ஆண்டுத் திவசம் சென்ற வெள்ளிக்கிழமை முடிந்தது. நீங்கள் அனுப்பிய பணம் ஐயருக்கும் சாப்பாட்டுக்கும் போதுமாக இருந்தது. மிச்சத்தைக் கணக்கெழுதி வைத்திருக்கிறேன். உங்கள் மகளுக்காக அந்தப் புத்தகத்தை அனுப்பும்படி நீங்கள் கேட்டு மூன்று மாதமாகிறது. அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை வாசித்துவிடலாம் என்று எடுத்ததுதான் தாமதத்துக்குக் காரணம். தொலைபேசியில் இதைச் சொல்ல முயன்ற போதெல்லாம் நீங்கள் வேலைக்குப் புறப்படும் நேரமாக அமைந்தது. தனிக் கடிதமாக எழுதினால் பாதியில் கிழித்துவிடுவேன். தவிரவும், நான் திருத்திச் சொல்ல வேண்டிய ஒன்று முதலில் நாலு பேர் முன்னிலையில் சொல்லப்பட்டது. ஆகவே நாலு பேர் பார்க்கும் இடத்திலேயே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

'லோர்ட் ஒப் த ரிங்ஸ்' நாவலை நான் வாசித்திருப்பதாக இருபது வருடமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உண்மையில் நீங்கள் வாசித்து, திருகோணமலை உவர்மலை வீட்டு விறாந்தையில் இரவிரவாகத் தமிழில் சொன்னதைக் கேட்டிருந்தேன், அவ்வளவுதான். மோதிரத்தை ஏறக்குறைய ஐந்நூறு வருடம் தன்னிடம் வைத்திருந்து, அதனாலேயே உருக்குலைந்த Gollum என்ற அந்தப் பிராணியின் பெயர் உங்கள் வாயில் 'கொல்லும்' என்றுதான் வரும். அதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில்தான் மாமாவுக்கு அந்தப் பெயர் விழுந்தது. வைத்தது நீங்கள், பரப்பியது நான். படலை திறக்கும் சத்தம் கேட்டவுடன் "கொல்லும் வருகிறது" என்போம். தாயின் கூடப்பிறந்தவரை 'வருகிறார்' என்று சொல்லாமல் 'வருகிறது' என்று சொன்ன இரண்டு பிள்ளைகளை ஒருவரும் கண்டிக்கவில்லை. கதைப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று அம்மா நினைத்திருந்தார்.

இந்த முறை நானே ஆங்கிலத்தில் வாசித்தபோது, 1954இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தின் கடைசிப் பகுதியில், மலைமேல் ஏறும் படிக்கட்டு அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். நீங்கள் சொன்ன கதையில், மோதிரத்தை அழிக்கச் சுமந்து போகும் பிரோடோவும் அவனுடைய துணைவன் சாமும், கொல்லுமை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு படியேறினார்கள், களைத்துத் தூங்கினார்கள், எழுந்து சிலந்தியின் குகைக்குள் போனார்கள். நடுவில் ஒரு பக்கம் இருக்கிறது, அக்கா. சிலந்தியிடம் இவர்களைக் காட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பி வருகிறான் கொல்லும். சாமின் மடியில் தலை வைத்துப் பிரோடோ தூங்குகிறான். சாமும் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். பார்த்துக்கொண்டு நிற்கும் கொல்லுமின் கண்ணிலிருந்த பச்சை மினுக்கம் அணைந்து, அவன் கிழடு தட்டிப்போன ஒரு சாதாரண மனிதனைப் போல ஆகிறான். நடுங்கும் கையை நீட்டிப் பிரோடோவின் முழங்காலைத் தொடுகிறான், தடவிக்கொடுப்பதைப் போல. அந்த நேரம் பார்த்துச் சாம் விழித்து, என்ன செய்கிறாய் என்று அதட்டுகிறான். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்கிறான் கொல்லும். பதுங்கிப் போய்ப் பதுங்கி வருகிறாயா என்று சாம் மேலும் கேட்டதும் அந்தப் பச்சை மினுக்கம் திரும்பி வந்துவிடுகிறது. முழுக்கதையிலும் தன்னை அதிகம் துயரப்படுத்திய கணம் இதுவாக இருக்கலாம் என்று நாவலை எழுதிய டோல்கீன் 1963இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பக்கத்தில் நான் நின்றதற்கு இலக்கிய ரசனை காரணமில்லை.

அந்த வருடம் ஆடி மாதம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. கச்சான் காற்று பகல் முழுவதும் வீசிவிட்டு இரவில் அடியோடு நின்றிருந்தது, மின்சாரமும் இல்லை. உங்களை விறாந்தையில் பாயில் படுக்க வைத்து, சிவப்புத் துணியால் விளிம்பு தைத்த பனையோலை விசிறியால் நான் விசிறிக்கொண்டிருந்தேன். அலுமாரிச் சாவியை அம்மா உங்கள் தலையணைக்குக் கீழேதான் ஒளித்து வைத்திருந்தார். யாரிடமிருந்து என்பதையும் குத்துவிளக்குக் கதையையும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கண் திறந்தபோது மாமா உங்கள் தலைமாட்டில் குந்தியிருந்தார். அவருடைய கை தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. "என்ன திருடுகிறீர்கள்?" என்று நான் போட்ட சத்தத்தில் அம்மாவும் பெரியம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்து வந்தார்கள்.

"ஒன்றுமில்லை, பிள்ளை," என்றார் மாமா. பிறகு கையிலிருந்த விசிறியை, சத்தம் கேட்காதபடி, தரையில் வைத்தார்.

விசிறி அவருடைய கையில் இருந்ததை நான் பார்த்தேன். என் கையிலிருந்து நழுவியதை எடுத்து அவர் விசிறிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. ஆனால் அம்மா அரிக்கன் லாம்போடு வந்து என்ன நடந்தது என்று கேட்டபோது, "சாவி எடுக்கக் கை நீட்டினார்" என்று சொன்னேன். மாமா மறுக்கவில்லை. நீங்கள் புரண்டு படுத்தீர்கள். விடிந்தபோது அவரும் இல்லை, உங்கள் சைக்கிளும் இல்லை. அதனால் நான் சொன்னது எல்லோருக்கும் உண்மையாகிவிட்டது. எனக்கும் வெகுநாள் உண்மையாகத்தான் இருந்தது.

எனக்குப் பதினான்கு வயது. சத்தம் போட்ட பிறகு, தப்பாகச் சத்தம் போட்டுவிட்டேன் என்று சொல்ல அந்த வயதில் எத்தனை பேருக்கு வாய் வரும்? சாம் சந்தேகப்பட்டதிலும் பிழையில்லை. கொல்லும் அப்போதுதான் சிலந்தியிடம் போய்விட்டு வந்திருந்தான். மாமாவும் அதற்கு முதல் வாரம் வீட்டிலிருந்து என்ன கொண்டுபோனார் என்று நமக்குத் தெரியும். இப்படியெல்லாம் எழுதும்போதே, நான் மன்னிப்புக் கேட்கிறேனா வழக்காடுகிறேனா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

அந்தப் பக்கத்தை நீங்கள் ஏன் தாண்டினீர்கள்? தூக்கமா, அல்லது சாமைப் பற்றிக் குறைவாக ஒன்றும் நான் கேட்கக்கூடாது என்று நினைத்தீர்களா? அந்தக் கதையில் நான் சாமாக இருக்க விரும்பினேன் என்பதும் நீங்கள்தான் பிரோடோ என்பதும் நமக்குள் பேசாமலே தீர்ந்திருந்த விஷயம். ஆனால் பிரோடோவையும் இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். கொல்லுமை அன்றே கொன்றிருக்கலாமே என்று தொடக்கத்தில் மந்திரவாதி கந்தால்பிடம் சொன்னவனும் அவன்தான். மோதிரத்தைச் சுமந்து வந்த பிறகே அவனுக்கு இரக்கம் பிறக்கிறது. கொல்லும் மீண்டுவிட்டால் தானும் மீளலாம் என்ற கணக்கு அதில் கொஞ்சமாவது இருந்திருக்க வேண்டும். தடுக்கப்பட்ட குளத்தில் மீன் தின்றுகொண்டிருந்தவனை, என்னை நம்பி வா என்று கூப்பிட்டு, வீரர்கள் கையில் பிடிபட வைத்ததும் பிரோடோதான். உயிரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தான். கொல்லும் அதைத் துரோகமாகத்தான் எடுத்துக்கொண்டான். மாமாவைக் கோயிலுக்கு என்று சொல்லி நீங்கள் எங்கே அழைத்துப் போனீர்கள் என்பதை நான் இங்கே எழுதவில்லை.

படலையடியில் மாமாவுக்கு நீங்கள் இரகசியமாகக் காசு கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மனசு பெரியது என்று அப்போது நினைத்தேன். 2006இல் நீங்கள் கொழும்புக்கு ரயிலேறிய பிறகு, போகப்போகிறவர்களுக்கு இரக்கம் சுலபம் என்று நினைக்கத் தொடங்கினேன். அரிசியை அளந்து வைத்தவள் நான். ஒன்பது வருடம் கழித்து அவர் திரும்பி வந்தபோது கதவைத் திறந்தவளும் நான்தான். பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் திருக்கடலூரில் வலை பொத்திக் கொடுத்துவிட்டு மாலையில் வருவார், நான் பிளேன்ரீ ஊற்றி வைப்பேன். அந்த இரவைப் பற்றி இருவரும் ஒரு சொல் பேசவில்லை. அவர் பேசாதது பெருந்தன்மையா, மறதியா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை அவர் என்னைப் பார்த்து உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. உங்கள் மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைப் போல வேறெப்போதும் வந்ததில்லை.

கதையின் முடிவுக்குக் கிட்ட, எரிமலைச் சரிவில், கொல்லுமை வாளால் வெட்டச் சாமுக்கு நல்ல வாய்ப்புக் கிடைக்கிறது. ஆனால் வெட்டாமல் விட்டுவிடுகிறான். கொஞ்ச நேரமாவது மோதிரத்தைத் தானும் சுமந்ததால், அதைப் பறிகொடுத்தவனின் வேதனை அவனுக்கு மங்கலாக விளங்கியதாம். அம்மா போன பிறகு எனக்கும் மூன்று மாதம் ஒரு சிறிய வெள்ளை மாத்திரையின் நேரத்தைப் பார்த்தே பொழுது போனது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன். திருகோணமலை சின்ன ஊர்.

அந்தியேட்டிச் சடங்குக்கு, வெந்நீர்க் கிணறுகள் இருக்கும் கன்னியாவுக்குப் போனபோது ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு என்று சின்ன வயதில் மாமாதான் விரலை நனைத்துக் காட்டினார். உங்களுக்கு இது நினைவிருக்கிறதா?

பெரியம்மாவிடம் போன கிழமை உண்மையைச் சொன்னேன். அவருக்கு அந்த இரவே நினைவில்லை.

புத்தகத்தைத் திங்கட்கிழமை தபாலில் போடுகிறேன். முதுகு விட்டுப்போய்விட்டது, ஒட்டியிருக்கிறேன், விசிறியை அனுப்பமாட்டேன். பிள்ளைக்கு நீங்கள் தமிழில் சொல்வீர்களோ அவள் தானே ஆங்கிலத்தில் வாசிப்பாளோ தெரியாது. நீங்கள் சொல்வதாக இருந்தால், படிக்கட்டு அத்தியாயத்தில் தூக்கம் வந்தால் அங்கேயே அடையாளம் வைத்து மூடிவிடுங்கள். மறுநாள் அதே வரியிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் தங்கை